குழாய்க்குள்ளேயே சிதைந்துபோகும் துகளை வெளியே இருக்கும் சிலிக்கன் எப்படிப் பிடிக்கிறது?

#1 | இளவேனில்

வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு. அடுத்த மாதம் செமினார் எடுக்க வேண்டும். வாயைக் கொடுத்து நானே மாட்டிக்கொண்ட தலைப்பு: அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தங்க அணுக்கருக்களை மோதவிட்ட ரிக் வளையத்தில், ஸ்டார் கருவிக்குள் 2014 முதல் 2016 வரை இயங்கிய 'ஹெவி ஃப்ளேவர் டிராக்கர்'. சுருக்கமாக எச்எஃப்டி.

ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். டி-ஜீரோ மெசானை (சார்ம் என்ற கனமான குவார்க் உள்ள துகள்) கண்டுபிடிப்பதுதான் இதன் முக்கிய வேலை என்கிறார்கள். டி-ஜீரோவின் சராசரி ஆயுள் 0.41 பைக்கோ நொடி. அதை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் 123 மைக்ரான், ஒன்றிரண்டு தலைமுடியின் தடிமன். ஆனால் கற்றைக் குழாயின் ஆரமே 2 செ.மீ. முதல் சிலிக்கன் அடுக்கு 2.8 செ.மீ. தள்ளி இருக்கிறது. துகள் குழாயைத் தாண்டுவதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறதே, வராத விருந்தாளியை வாசலில் நின்று எப்படி அடையாளம் காண்பது?

இன்னொன்று. பிக்சல் அளவு 20.7 மைக்ரானாம். என் கைபேசி கேமராவில் இருப்பதே ஒரு மைக்ரான்தான். ஏன் இவ்வளவு பெரிதாகச் செய்தார்கள்?

#2 | பழைய_தடம்

வாங்க. இந்தத் துறையில் சில ஆண்டுகள் தரவு அலசிக்கொண்டிருந்தவன், இப்போது வேறு வேலை. முதல் கேள்விக்கு முதலில்.

டி-ஜீரோவை யாரும் நேரில் பார்ப்பதில்லை. நூற்றுக்கு நான்கு முறை அது ஒரு கேயானாகவும் ஒரு பையானாகவும் உடைகிறது. அவை இரண்டும் மீட்டர் கணக்கில் ஓடக்கூடியவை. சிலிக்கனில் புள்ளி வைத்துவிட்டுப் போவது அவைதான். நாம் அந்தப் புள்ளிகளை இணைத்துக் கோட்டைப் பின்னோக்கி நீட்டுகிறோம். மோதல் நடந்த இடத்திலேயே பிறந்த துகளென்றால் கோடு அந்த இடத்தைத் தொடும். டி-ஜீரோவிலிருந்து வந்ததென்றால் சில பத்து மைக்ரான்கள் விலகிப் போகும். இப்படி விலகிய இரண்டு கோடுகள், மோதல் மையத்துக்குப் பக்கத்தில் வேறொரு புள்ளியில் ஒன்றையொன்று சந்தித்தால் அங்கே ஏதோ உடைந்திருக்கிறது. விருந்தாளி வரவில்லை, அவர் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள், எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று காலடியைப் பார்த்துச் சொல்கிறோம்.

ஒரு திருத்தம். 'சிலிக்கன் துகளை அடையாளம் காண்கிறது' என்று செமினாரில் சொல்லாதீர்கள், யாராவது பிடித்துக்கொள்வார்கள். எச்எஃப்டிக்கு எது கேயான், எது பையான் என்று தெரியாது. அதைச் சொல்வது வெளியே இருக்கும் பெரிய வாயு அறையும் பறப்பு நேரம் அளக்கும் கருவியும். சிலிக்கன் சொல்வது 'எங்கே பிறந்தது' என்பதை மட்டும்.

அந்த ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆகும்? மையத்தில் முழுதாக மோதும் இரண்டு தங்கக் கருக்களிலிருந்து ஸ்டார் பார்க்கும் பரப்பில் ஆயிரத்துக்கும் மேல் மின்னேற்றத் துகள்கள் வரும். பாதி நேர், பாதி எதிர் என்று வைத்தால் ஜோடிகள் மட்டும் இரண்டரை லட்சம். வகை பார்த்துக் கழித்தாலும் மிச்சம் மலைபோல நிற்கும். அதில் உண்மையான டி-ஜீரோ ஜோடி என்பது ஒரு மோதலில் எப்போதாவது ஒன்று. வைக்கோற்போரில் ஊசி என்பார்கள். இங்கே ஊசியும் வைக்கோல் மாதிரியே இருக்கும்.

#3 | கரையோரன்

ஒரு சின்னக் குறும்பு. 'குறுகிய ஆயுள் துகள்' என்று எல்லாரும் டி-ஜீரோவைப் பாவம் பார்க்கிறீர்கள். மோதலில் உண்டாகும் குவார்க்-குளுவான் பிளாஸ்மாவின் (புரோட்டானும் நியூட்ரானும் உருகிக் குழம்பாகும் நிலை) ஆயுளோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு அதிகம் வாழ்கிறது. பிளாஸ்மா ஒரு நொடி வாழ்ந்தால் டி-ஜீரோ முந்நூறு ஆண்டுக்கு மேல். இதைப் போய்க் குறுகிய ஆயுள் என்றால் எப்படி?

#4 | பழைய_தடம்

கரையோரன், குறும்பு இல்லை, அதுதான் விஷயமே. சார்ம் குவார்க் கனமானது; ஒரு புரோட்டானைவிடக் கொஞ்சம் கூட. பிளாஸ்மாவின் வெப்பம் ஒரு சார்ம் ஜோடியைப் புதிதாக உருவாக்கப் போதாது. அதனால் மோதலின் முதல் கணத்தில் பிறந்த சார்ம் குவார்க்தான் கடைசிவரை இருக்கும். பிளாஸ்மா தோன்றி, விரிந்து, குளிர்ந்து முடிவதை முழுக்க உள்ளே இருந்து பார்த்துவிட்டு, டி-ஜீரோ என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. நேரில் பார்த்த சாட்சி. அந்தச் சாட்சி 123 மைக்ரானில் உடைந்துபோகிறது என்பதுதான் நம் தலைவலி.

#5 | சில்லுத்தச்சன்

இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்ளலாமா? நான் துகள் இயற்பியல் ஆள் இல்லை, சிப் வடிவமைப்பில் பதினைந்து ஆண்டு. இந்த எச்எஃப்டி பிக்சலைப் பற்றி முன்பே படித்திருக்கிறேன். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் வடிவமைத்த சில்லு. ஒரு சில்லில் 928 × 960 பிக்சல், மொத்தம் 400 சில்லு, கணக்குப் போட்டால் 35 கோடிக்கும் மேல் பிக்சல். உங்கள் கைபேசி கேமராவின் உறவினர்தான்: உணரும் பகுதியும் மின்சுற்றும் ஒரே சிலிக்கன் துண்டில். மோதுகருவி ஒன்றில் இந்த வகைச் சில்லு முதன்முதலில் ஓடியது இங்கேதான்.

ஆனால் எனக்கு இது பிடிக்கவில்லை, வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒரு முறை முழுக்கப் படித்து முடிக்க 185.6 மைக்ரோ நொடி. நொடிக்கு 50,000 மோதல் நடக்கிறதென்றால் அந்த நேரத்துக்குள் ஒன்பது மோதலின் புள்ளிகள் ஒரே படத்தில் விழும். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் அட்லஸ், சிஎம்எஸ் கருவிக்காரர்கள் சென்சார் தனி, படிக்கும் சில்லு தனி என்று வைத்து இரண்டையும் குமிழ் குமிழாகப் பற்றவைத்து, 25 நானோ நொடிக்கு ஒரு மோதலைப் பிரிக்கிறார்கள். அந்த நுட்பம் கையில் இருக்கும்போது இவ்வளவு மந்தமான சில்லை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்?

#6 | பழைய_தடம்

தடிமன், தச்சரே. தடிமன்.

நீங்கள் சொல்லும் ஒட்டுச் சில்லில் சென்சார் ஒரு அடுக்கு, படிக்கும் சில்லு ஒரு அடுக்கு, அது கக்கும் சூட்டை எடுக்கக் குளிர்விப்புக் குழாய் ஒரு அடுக்கு. இதே ரிக் வளையத்தில் பக்கத்து வீட்டுக்காரரான ஃபீனிக்ஸ், 2011-இல் அப்படித்தான் ஒட்டுப் பிக்சல் வைத்தது. ஒரு அடுக்குக்குக் கதிர்வீச்சு நீளத்தில் (ஒரு பொருள் துகளை எவ்வளவு தடுமாற வைக்கும் என்பதற்கான அளவுகோல்) ஒரு விழுக்காட்டுக்கும் மேல் ஆனது. எச்எஃப்டியில் 0.4 விழுக்காடு. சில்லை 50 மைக்ரானுக்குத் தேய்த்தார்கள், தாளைவிட மெல்லியது, வளையும். குளிர்விக்க வெறும் காற்று; நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஊதினார்கள்.

#7 | இளவேனில்

ஐயா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தடிமன் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? மெல்லியதோ தடித்ததோ, புள்ளி விழுந்தால் போதாதா? துல்லியத்தைப் பிக்சல்தானே முடிவு செய்யும்?

#8 | பழைய_தடம்

இதற்காகத்தான் காத்திருந்தேன். சொல்லிப் புரியாது, நீங்களே போட்டுப் பாருங்கள். காகிதமும் கால்குலேட்டரும் போதும்.

மின்னேற்றத் துகள் எந்தப் பொருளுக்குள் போனாலும் அதன் அணுக்கருக்கள் ஆயிரம் சின்னத் தட்டுத் தட்டி அதன் திசையைக் கொஞ்சம் திருப்பிவிடும். திரும்பும் கோணம் (ரேடியனில்) தோராயமாக 13.6 ஐ உந்தத்தாலும் வேக விகிதத்தாலும் வகுத்து, பொருளின் தடிமனைக் கதிர்வீச்சு நீளத்தால் வகுத்ததன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும். உந்தம் மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் அலகில். முன்னால் ஒரு மடக்கைத் திருத்தம் உண்டு, உங்கள் பாடநூலில் இருக்கும். அது விடையை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும்.

எடுத்துக்கொள்ள வேண்டியது: 750 உந்தமுள்ள கேயான். அடுக்குகள் 2.8 செ.மீ., 8 செ.மீ. இல். தடிமன் 0.4 விழுக்காடு. கற்றைக் குழாய் 0.76 மி.மீ. பெரிலியம். பிக்சல் தரும் துல்லியத்துக்கு அகலத்தை 12-இன் வர்க்கமூலத்தால் வகுங்கள். எது பெரிது என்று வந்து சொல்லுங்கள்.

#9 | நள்ளிரவுப்பட்சி

நமக்கு வீட்டுப்பாடம் இல்லையே, அப்பாடா.

#10 | இளவேனில்

போட்டேன். ஒரு தடவை உந்தத்தில் அலகைத் தப்பாகப் போட்டு 30 மீட்டர் என்று வந்தது, அதை யாருக்கும் சொல்லவில்லை, இங்கே மட்டும் சொல்கிறேன்.

பிக்சல்: 20.7 ஐ 3.46 ஆல் வகுத்தால் 6 மைக்ரான். இரண்டு அடுக்குகளின் புள்ளிகளை இணைத்து மையம்வரை பின்னோக்கி நீட்டும்போது பிழை பெருகி ஏறத்தாழ 10 மைக்ரான் ஆகிறது.

சிதறல்: அந்தக் கேயானின் வேகம் ஒளியில் 0.835 பங்கு. முதல் அடுக்கில் திரும்பும் கோணம் சுமார் 1.1 மில்லி ரேடியன். அது 28 மி.மீ. பின்னோக்கி நீளும்போது 30 மைக்ரான். குழாயின் பெரிலியம் தனியாக 15 மைக்ரான்.

மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 35 மைக்ரான். பிக்சலின் பிழையைச் சுத்தமாக பூஜ்யமாக்கினாலும் 35 என்பது 34 ஆகத்தான் குறைகிறது! நிஜமாகவே இதை எதிர்பார்க்கவில்லை.

#11 | பழைய_தடம்

சபாஷ். ஸ்டார் வைத்துக்கொண்ட இலக்கு இதே கேயானுக்கு 60 மைக்ரானுக்குள். மெல்லிய பகுதியில் அளந்து கண்டது 46. உங்கள் 35-க்கும் 46-க்கும் இடைவெளி வருவது இயல்புதான். எல்லாத் துகளும் அடுக்கைச் செங்குத்தாகக் கடப்பதில்லை. சாய்வாகப் போனால் கூடுதல் பொருளைக் கடக்கும். அடுக்குகளின் இருப்பிடத்தைப் பொருத்துவதிலும் பிழை உண்டு.

இப்போது வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். 0.4 விழுக்காட்டில் சிலிக்கன் எவ்வளவு? சிலிக்கனின் கதிர்வீச்சு நீளம் 9.4 செ.மீ. 50 மைக்ரான் என்பது 0.053 விழுக்காடு. ஏழில் ஒரு பங்குகூட இல்லை! மிச்சமெல்லாம் தாங்கும் கார்பன் நார், பசை, மின்கம்பிப் பட்டை. துகளைத் தடுமாற வைப்பது உணரும் பொருள் அல்ல, அதைத் தூக்கிப் பிடிக்கும் சட்டம். மாப்பிள்ளையைவிட ஊர்வலத்தின் எடை கூட.

அதனால்தான் கம்பிப் பட்டையில் செம்புக்குப் பதில் அலுமினியத்துக்குப் போனார்கள். அலுமினியம் செம்பைவிட மோசமான கடத்தி, அதே மின்தடைக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் தடிமன் வேண்டும். ஆனாலும் கதிர்வீச்சு நீளக் கணக்கில் நான்கில் ஒரு பங்குதான் வரும். மெல்லிய பகுதி என்று மேலே சொன்னேனே, அது இந்த அலுமினியப் பட்டை வைத்த பகுதி.

#12 | சில்லுத்தச்சன்

சரி, தடிமன் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் ஒன்பது மோதல் கேள்விக்குப் பதில் வரவில்லை. மந்தம் மந்தம்தானே.

#13 | பழைய_தடம்

வரவில்லை, உண்மை. அதற்கு மருந்து வெளியே இருக்கிறது. 14 செ.மீ. ஆரத்தில் ஒரு பட்டை சிலிக்கன் அடுக்கு, 22 செ.மீ. இல் இன்னொன்று. இரண்டும் பிக்சல் அளவுக்குத் துல்லியம் இல்லை, ஆனால் வேகமானவை. வாயு அறையில் கிடைத்த தடத்தை உள்ளே நீட்டிக்கொண்டு வரும்போது இந்த வேக அடுக்கில் புள்ளி இருந்தால்தான் அது இந்த மோதலின் தடம். அப்புறம் அது காட்டும் சின்ன வட்டத்துக்குள் மட்டும் பிக்சலில் தேடினால் போதும். மற்ற எட்டு மோதலின் புள்ளிகள் பெரும்பாலும் அந்த வட்டத்துக்கு வெளியே விழுந்துவிடும். பிக்சல் சின்னதாக இருப்பதன் உண்மையான பலன் இங்கேதான்: துல்லியத்துக்கு அல்ல, நெரிசலுக்கு.

முழுத் தீர்வா என்றால் இல்லை. தப்பான புள்ளி ஒட்டிக்கொண்ட தடங்கள் தரவில் இருந்தன, அவற்றைக் கழிக்க நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

#14 | சில்லுத்தச்சன்

நல்ல பதில். நன்றி. இப்போது நான் ஒரு கதை சொல்கிறேன், இது என் பக்கத்துச் சங்கதி.

2014 ஓட்டத்தில் இந்தப் பிக்சல் சில்லுகளில் ஒரு பகுதி கெட்டுப்போனது. வழக்கமாக நாம் சந்தேகப்படுவது கதிர்வீச்சு மெல்ல மெல்ல அரிப்பதை. இது அப்படி இல்லை, லாட்ச்-அப். சிமாஸ் (CMOS) சுற்று எதிலும், நாம் வைக்காமலே, அடிவயிற்றில் ஒரு கள்ளத் தைரிஸ்டர் (ஒருமுறை திறந்தால் தானாக மூடாத மின்கதவு) உருவாகியிருக்கும். சாதாரணமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். கனமான மின்னேற்றத்தை விட்டுச்செல்லும் ஒரு துகள் அதை எழுப்பிவிட்டால் மின்வழங்கி நேராகத் தரையோடு இணைந்துவிடும். மின்சாரத்தைத் துண்டிக்கும்வரை மின்னோட்டம் நிற்காது. தடித்த சிலிக்கனாக இருந்தால் சூடு பரவப் பக்கத்தில் இடம் உண்டு. 50 மைக்ரானில் ஓட இடமில்லை, உலோகப் பாதை உருகும்.

பெர்க்லியின் சைக்ளோட்ரானில் கன அயனிகளைச் சில்லின்மேல் விட்டு இதை மறுபடி நிகழ்த்திப் பார்த்து உறுதி செய்தார்கள். மின்னோட்டம் எவ்வளவு தாண்டினால் துண்டிக்க வேண்டும் என்ற எல்லையைக் கீழே இறக்கியதும் சேதம் பெருமளவு நின்றது. சில்லை மாற்றவில்லை, வெறும் ஒரு அமைப்பு எண்! ஆக, மெல்லியதாக்கியதற்கு இவர்கள் கொடுத்த விலை சிதறல் கணக்கில் தெரியாது, மின்சாரக் கணக்கில்தான் தெரியும்.

#15 | நள்ளிரவுப்பட்சி

கெட்டுப்போனால் மாற்ற முடியுமா? இவ்வளவு உள்ளே இருப்பதை வெளியே எடுக்க மாதக்கணக்கில் ஆகாதா?

#16 | பழைய_தடம்

ஒரு நாளில் முடியும், அப்படித்தான் கட்டினார்கள். ஒரு முனையிலிருந்து மட்டும் தாங்கி, தண்டவாளத்தில் மேசை இழுப்பறை மாதிரி உள்ளே தள்ளுவது. முடிவில் மூன்று தாங்குபுள்ளிகளில் போய் உட்காரும். எத்தனை முறை எடுத்து வைத்தாலும் சில பத்து மைக்ரானுக்குள் அதே இடம். ஒவ்வொரு சில்லின் மேற்பரப்பும் எங்கெங்கே எப்படி வளைந்திருக்கிறது என்று முன்கூட்டியே அளந்து வைத்திருந்தார்கள். 50 மைக்ரான் சில்லு தட்டையாக இருக்காது, வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி இலேசாக நெளிந்திருக்கும். அந்த நெளிவு மென்பொருளுக்குத் தெரியாவிட்டால் 6 மைக்ரான் துல்லியம் என்பது வெறும் பேச்சு.

#17 | கரையோரன்

இவ்வளவு பாடுபட்டுச் சாட்சி என்னதான் சொன்னது?

#18 | பழைய_தடம்

இரண்டு விஷயம் சொல்கிறேன். 2014-இல் எடுத்த ஏறத்தாழ நூறு கோடி மோதல்களை வைத்து 2017-இல் வெளியானது: பிளாஸ்மா ஒரு பக்கம் கூடுதலாக வழிந்தோடும்போது டி-ஜீரோவும் அதே பக்கம் அடித்துக்கொண்டு போகிறது, இலேசான துகள்களுக்குச் சளைக்காமல். வெள்ளத்தில் சருகு போவது சரி, பாறாங்கல்லும் கூடவே போனால் அந்தத் தண்ணீர் எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்று புரியும். சார்ம் பிளாஸ்மாவோடு அந்த அளவுக்கு ஒட்டி உறவாடுகிறது.

அடுத்தது லாம்டா-சி. சார்ம் உள்ள பேரியான், அதாவது புரோட்டான் மாதிரி மூன்று குவார்க் துகள். சராசரிப் பயணம் 60 மைக்ரான், டி-ஜீரோவில் பாதி. மூன்று துண்டாக உடைவதைத் தேட வேண்டும். தங்க மோதலில் இதைத் தேடிப் பிடித்ததை என் மட்டில் எச்எஃப்டியின் உச்சம் என்பேன். நடுத்தர உந்தத்தில் டி-ஜீரோ ஒன்றுக்கு லாம்டா-சி ஒன்று என்கிற அளவில் வந்தது. எலக்ட்ரான் மோதல்களிலிருந்து எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். பிளாஸ்மா குளிரும்போது சார்ம் அக்கம்பக்கத்துக் குவார்க்குகளைக் கைகோத்துக்கொண்டு வெளியே வருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம்.

#19 | இளவேனில்

இதற்குப் பிறகு என்ன நடந்தது? எச்எஃப்டியை 2016-க்குப் பிறகு எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் படித்தேன்.

#20 | சில்லுத்தச்சன்

அதே வம்சம் செர்னுக்குப் போனது. ஆலிஸ் கருவியின் உள் தடங்காணியை முழுக்க இந்த வகைச் சில்லால் மாற்றி 2021-இல் பொருத்தினார்கள். ஏழு அடுக்கு, 10 சதுர மீட்டர், 1,250 கோடி பிக்சல். முதல் அடுக்கு 2.2 செ.மீ. அருகில், தடிமன் 0.36 விழுக்காடு. பிக்சலைக் கவனியுங்கள்: சுமார் 27 × 29 மைக்ரான். எச்எஃப்டியைவிடப் பெரிது! உங்கள் கணக்கு பார்த்ததால் இப்போது ஆச்சரியமாக இருக்காது. மந்தம் பற்றிய என் புகாரும் அங்கே தீர்ந்தது. நூற்றுக்கணக்கான மைக்ரோ நொடி என்பது சில மைக்ரோ நொடி ஆனது. ஆலிஸின் இந்த 'அல்பைட்' சில்லைத்தான் புரூக்ஹேவனின் ஸ்ஃபீனிக்ஸ் கருவியிலும் உள் மூன்று அடுக்காக வைத்தார்கள். நார்வேயின் பெர்கனில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கான புரோட்டான் ஸ்கேனுக்கும் இதே சில்லை எடுத்திருக்கிறார்கள்.

அடுத்த கட்டம் இன்னும் அழகு. வேஃபர் (சில்லுகளை வெட்டியெடுக்கும் முழுச் சிலிக்கன் தட்டு) அளவுக்கு ஒரே சில்லு, அதையே குழாயைச் சுற்றி அரை உருளையாக வளைத்துவிடுவது. வளைந்த தகடு தன்னைத்தானே தாங்கும், அதனால் சட்டம் தேவையில்லை. ஓரங்களில் கார்பன் நுரைத் துண்டு போதும். தடிமன் 0.1 விழுக்காட்டுக்கும் கீழே. மாப்பிள்ளை மட்டும் வருகிறார், ஊர்வலம் இல்லை.

#21 | இளவேனில்

அந்த வளைந்த அடுக்குக்கும் போட்டுப் பார்த்தேன். 19 மி.மீ. ஆரம், 0.09 விழுக்காடு, அதே கேயான்: 9 மைக்ரான். குழாய் 16 மி.மீ. ஆரத்தில் அரை மில்லிமீட்டர் பெரிலியம்: அதுவும் 9, 10 மைக்ரான்.

இப்போது சிலிக்கனும் குழாயும் சமம். இனிமேல் சிலிக்கனை மெல்லியதாக்கிப் பெரிய பலன் இல்லை, குழாய்தான் குறுக்கே நிற்கிறது. சரிதானே?

#22 | பழைய_தடம்

சரி. அதனால்தான் அதற்கடுத்த திட்டமான ஆலிஸ் 3-இல் முதல் அடுக்கைக் குழாய்க்கு உள்ளேயே, வெற்றிடத்தில், கற்றையிலிருந்து 5 மி.மீ. தொலைவில் வைக்கப்போகிறார்கள்.

#23 | நள்ளிரவுப்பட்சி

5 மி.மீ.? கற்றை கொஞ்சம் அசைந்தால் சில்லு காலி ஆகாதா?

#24 | பழைய_தடம்

கற்றையை உள்ளே விடும்போது அது அகலமாக இருக்கும், அப்போது அடுக்குகள் விலகி நிற்கும். கற்றை ஒடுங்கி நிலைத்த பிறகு கண்ணின் பாவை மாதிரி உள்ளே சுருங்கி வரும். செர்னின் எல்எச்சிபி கருவியில் பல ஆண்டுகளாக இரண்டு பாதியாக விலகி நெருங்கும் சிலிக்கன் இருக்கிறது, கற்றைக்கும் அதற்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தகடு மட்டும். அது இப்போதும் 5 மி.மீ. அருகில்தான் ஓடுகிறது.

#25 | இளவேனில்

நன்றி ஐயா, தச்சர் அண்ணாவுக்கும். செமினாரில் முதல் பலகையில் பிக்சல் படம் போடலாம் என்றிருந்தேன். இப்போது கம்பிப் பட்டையின் குறுக்குவெட்டைப் போடுகிறேன். 30 மீட்டர் கணக்கை மட்டும் யாரும் எங்கள் துறையில் சொல்லிவிடாதீர்கள்.